கொட்டகை இருமல்: பெங்களூரைச் சுற்றி மாடு, கோழிப் பண்ணைகளில் வேலை செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அத்திப்பள்ளி, ஆனேக்கல், ஹொசகோட்டே, தொட்டபள்ளாபுரம் பக்கத்துப் பண்ணைகளில் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து குடும்பத்தோடு தங்கி வேலை செய்யும் நம் ஆட்கள் நிறைய. நகரத்துக்குள்ளேயே இரண்டு மாடு, நாலு மாடு வைத்துப் பால் ஊற்றும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இருமல், இளைப்பு, நெஞ்சு இறுக்கம் பற்றி இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

"பெங்களூர் குளிர் உனக்கு ஒத்துக்கலை, அதான் இருமல்" என்கிறார்கள். அப்படித்தானா?

இந்த ஊர்க் காற்றின் மேல் சந்தேகம் வருவதில் தப்பில்லை. குழந்தைகள் நல மருத்துவர் எச். பரமேஷ் பெங்களூரில் தொடர்ந்து செய்த ஆய்வில், மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் ஆஸ்துமா உள்ளவர்கள் 1979இல் 100க்கு 9 பேர், 1999இல் 29.5 பேர். வண்டிப் புகை, பார்த்தீனியச் செடி என்று காரணங்கள் பேசப்பட்டன. அதனால் இங்கே யார் இருமினாலும் "ஊர் அப்படி" என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அதுவே பண்ணையில் வேலை செய்பவருக்குக் கெடுதலாக முடிகிறது. மருத்துவரும் அதையே நினைக்கிறார், நோயாளியும் அதையே நினைக்கிறார், கொட்டகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

உங்களுக்கே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் இருமல் நின்றுவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஊரில் தண்ணீர், குளிர் எல்லாமே மாறுகிறதே. வார லீவில் இங்கேயே, இதே குளிரில், ஷெட் பக்கம் போகாமல் இருக்கும் நாளில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அன்று இறுக்கம் குறைந்து, மறுநாள் வேலைக்குப் போனதும் திரும்ப வந்தால் குளிரை விட்டுவிட்டுக் கொட்டகையைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதே ஷெட்டில் இன்னும் இரண்டு பேருக்கு இதே தொல்லை இருந்தால் சந்தேகம் இன்னும் உறுதிப்படும்.

கொட்டகைக் காற்றில் அப்படி என்ன இருக்கிறது? நாங்கள் என்ன ரசாயனமா கலக்கிறோம்?

ரசாயனம் வேண்டியதில்லை. தீவனத் தூள், காய்ந்த எரு, இறகுத் துணுக்கு, தோல் செதில், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி, பூஞ்சை விதை எல்லாம் பொடிப்பொடியாகக் காற்றில் மிதக்கின்றன. இவற்றோடு பாக்டீரியாவின் மேலோட்டிலிருந்து உதிரும் எண்டோடாக்சின் என்ற நச்சும் சேர்ந்து வருகிறது. பாக்டீரியா செத்த பிறகும் இந்த நச்சு சாகாது. மூச்சில் போனால் நுரையீரல் வீங்கி, குழாய் சுருங்கும்.

அப்புறம் அமோனியா. கோழி எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தைக் கிருமிகள் உடைக்கும்போது வருவது இது. ஷெட் தரையில் பரப்பிய கூளம் ஈரமாக இருந்தால் அதிகமாக வரும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு ஷிஃப்டுக்குச் சராசரியாக, காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்குக்கு மேல் அமோனியா இருக்கக் கூடாது என்கிறது. கோழிப்பண்ணை ஆட்களையே நேரில் ஆராய்ந்தவர்கள், தூசியும் சேர்ந்திருக்கும் இடத்தில் 12 பங்கிலேயே நுரையீரல் பாதிக்கிறது என்று கண்டார்கள். இரண்டும் சேரும்போது கெடுதல் கூடுகிறது.

"எனக்கு இப்போ நாற்றமே தெரியலை, பழகிடுச்சு" என்று பெருமையாகச் சொல்வார்கள். பழகியது மூக்கு மட்டும்தான், நுரையீரல் பழகாது. காலையில் ஷெட்டுக்குள் நுழைந்த முதல் நிமிடத்தில் கண் எரிகிறதா என்று கவனியுங்கள். உங்களிடம் இருக்கும் நம்பகமான அளவுகோல் அந்த முதல் நிமிடம்தான்.

எரு அள்ளிய அன்று ராத்திரி குளிர் ஜுரம், உடம்பு வலி. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மலேரியாவா?

மதியம் வரை நன்றாக இருந்து, நாலு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து நடுக்கம், காய்ச்சல், வறட்டு இருமல், தலைவலி என்று வந்து, ஒன்றிலிருந்து மூன்று நாளில் தானாகப் போய்விட்டால், அது பெரும்பாலும் தூசியின் நச்சால் வரும் காய்ச்சல். கிருமி தொற்றியதால் வருவதல்ல. ஒரு பேட்ச் கோழி போன பிறகு மாதக்கணக்கில் குவிந்த எருவை ஒரே நாளில் வாரும்போதும், பூஞ்சை பிடித்த தீவன மூட்டையைக் கொட்டும்போதும் வரும். சேர்ந்து வேலை செய்த எல்லோருக்கும் ஒரே ராத்திரியில் வரலாம், புதிதாக வேலைக்கு வந்தவருக்கும் முதல் நாளிலேயே வரலாம். ஆன்டிபயாடிக் இதற்குப் பயன்படாது. ஆனால் மூன்று நாளைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, மலேரியா, டெங்கு பரிசோதனைகளைத் தவிர்க்காதீர்கள்.

எருவை வாரும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஏன் வருகிறது என்று புரியும். அடை அடையாக இறுகிய கூளத்தைக் கடப்பாரையால் குத்திப் பெயர்க்கிறார்கள். ஒவ்வொரு அடை உடையும்போதும் அடியிலிருந்து சாம்பல் நிறத் தூசி முகத்துக்கு நேராக எழும்புகிறது, கூடவே அமோனியாவும் குப்பென்று அடிக்கிறது. குனிந்து வேலை செய்பவரின் வாய் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. இதை எட்டு மணி நேரம் செய்கிறார்கள். நாள் கூலி கொஞ்சம் கூடக் கிடைக்கிறது என்பதால் இந்த வேலைக்குத்தான் போட்டியே.

மழையில் நனைந்த வைக்கோலைப் போடும்போது மூச்சு முட்டுகிறது. எதனால்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். தாமதமாகக் கண்டுபிடித்தால் திருப்ப முடியாத நோய் இது.

ஈரம் பட்ட வைக்கோல் கட்டு உள்ளுக்குள் சூடாகும். அந்தச் சூட்டில் வளரும் பாக்டீரியாவும் பூஞ்சையும் கட்டைப் பிரித்து உதறும்போது வெள்ளைப் புகை போலப் பறக்கும். சிலருடைய உடம்பு அதை எதிரியாக நினைத்து நுரையீரலுக்குள்ளேயே சண்டை போட ஆரம்பிக்கும். 'உழவர் நுரையீரல்' என்று உலகம் முழுக்கச் சொல்வது இதைத்தான். 1932இல் இங்கிலாந்தில் இதை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். கோழி, புறாவின் எச்சத்தாலும் இறகுத் தூளாலும் இதே மாதிரி வரும்.

முதலில் மேலே சொன்ன தூசிக் காய்ச்சல் போலவேதான் இருக்கும்: வேலை முடிந்து சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு. ஆனால் தூசிக் காய்ச்சலுக்கு ஏகப்பட்ட தூசி வேண்டும். இது ஒருமுறை பிடித்துவிட்டால் கொஞ்சம் தூசிக்கே திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் வராது, உங்களுக்கு மட்டும் வரும். இன்னும் மோசம், சிலருக்குக் காய்ச்சலே வராமல் மெதுவாக உள்ளே தழும்பு ஏறிக்கொண்டே போகும். எடை குறையும், மாடிப்படி ஏறினால் இரைக்கும், விரல் நுனி உருண்டு தடிக்கும். தழும்பான இடம் பழையபடி ஆகாது.

இந்தியாவில் இது அபூர்வ நோய் என்று நினைத்திருந்த காலம் போய்விட்டது. 19 நகரங்களில் 27 மையங்கள் சேர்ந்து, நுரையீரல் திசு நோயாளிகள் 1,084 பேரைப் பதிவு செய்து 2017இல் வெளியிட்டார்கள். அவர்களில் 47.3 விழுக்காட்டினருக்கு இந்த வகை ஒவ்வாமை நோய். அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏர்கூலரோடு பழக்கம் இருந்தது, எனவே இது பண்ணையோடு நிற்கிற நோயும் இல்லை. நம் நாட்டில் இதைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்ப நிலை தெரியாமல் போகலாம். நுண்ணிய சி.டி. ஸ்கேனும் மூச்சு அளவீடும் தேவைப்படும். மருந்து உண்டு, ஆனால் அந்தத் தூசியிலிருந்து விலகாமல் மருந்து மட்டும் காப்பாற்றாது.

எனக்கு ஆஸ்துமா என்கிறார்கள். ஆனால் என்ன மாத்திரை போட்டும் கேட்கவில்லை.

மருத்துவரிடம் "கோழிப்பண்ணையில் வேலை செய்கிறேன், லீவில் குறைகிறது" என்று சொன்னீர்களா? இதைச் சொல்லாமல் விட்டால் எந்த மருந்தும் பாதி வேலைதான் செய்யும். கன்னட மருத்துவரிடமானால் "கோழி ஃபார்ம்னல்லி கெலசா" என்றால் போதும், புரிந்துகொள்வார். சிவாஜிநகர், அல்சூர் பக்கத்து மருத்துவமனைகளில் தமிழ் தெரிந்தவர்களும் இருப்பார்கள்.

பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சின்னக் குழாய்க் கருவி இருக்கிறது. ஊதினால் முள் நகர்ந்து எண் காட்டும். விலை அதிகம் இல்லை. காலை எழுந்ததும், வேலைக்கு நடுவில், வேலை முடிந்ததும், படுக்கும் முன் என்று நாளுக்கு நாலு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஊதி, பெரிய எண்ணை நோட்டில் எழுதுங்கள். லீவு நாளையும் விடாமல் இரண்டிலிருந்து நாலு வாரம் எழுதினால் போதும். வேலை நாளில் எண் இறங்கி லீவில் ஏறினால், அந்த நோட்டுதான் மருத்துவரிடம் காட்டக்கூடிய சாட்சி. எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.

வேலையை விடணுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் எரு வாருவது, தீவனம் அரைப்பது போன்ற தூசி வேலையிலிருந்து மாறி, முட்டை அடுக்குவது, வண்டி ஏற்றுவது போன்றவற்றுக்குப் போனாலே பலருக்குக் குறையும். அதற்கும் குறையவில்லை என்றால் விடுவதுதான் நல்லது. குடும்பமே பண்ணை வீட்டில் குடியிருக்கும்போது வேலையை விட்டால் வீடும் போகும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் ஆரம்பத்திலேயே பாருங்கள் என்று கெஞ்சிச் சொல்கிறேன்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடுமாமே?

ஆகாது. மாத்திரையைவிடக் குறைந்த அளவு மருந்து, நேராக நுரையீரலுக்குப் போகிறது. திணறலின்போது மட்டும் அடிக்கும் நிவாரண மருந்து வேறு, தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து வேறு. நிவாரண மருந்தை மட்டும் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய் வந்துகொண்டிருப்பது ஆபத்து. மக்கள் மருந்தகங்களில் (ஜன் ஔஷதி கடைகள்) விலை குறைவு.

துண்டு கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறேன். போதாதா?

போதாது. துண்டு கண்ணுக்குத் தெரியும் தூசியைத் தடுக்கும், நுரையீரலின் அடிவரை போகும் பொடி அதில் புகுந்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, ஐ.எஸ். 9473 எஃப்.எஃப்.பி.2 அல்லது என்-95 மாஸ்க் வாங்குங்கள். இரண்டு பட்டையும் தலைக்குப் பின்னால் போக வேண்டும், மூக்குக் கம்பியை அழுத்திவிட வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். நனைந்தாலோ, மூச்சு இழுக்கக் கஷ்டமானாலோ மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: இந்த மாஸ்க் வாயுவைத் தடுக்காது. அமோனியாவுக்கு அதற்கென்று டப்பா பொருத்திய ரப்பர் மாஸ்க் வேண்டும். ஏற்கெனவே இளைப்பு உள்ளவர்கள் எந்த மாஸ்க்கானாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

முதலாளி என்ன செய்யலாம்? பெரிய செலவு என்கிறார்.

செலவில்லாத வேலைகளே நிறைய. உலர்ந்த தரையைப் பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். மாட்டுத் தவிட்டில் கொஞ்சம் தண்ணீர் பிசிறிக் கலந்தால் தூள் பறக்காது. எரு வாரும் நாளில் ஷெட்டின் பக்கங்களை மூடியிருக்கும் எல்லாப் படுதாவையும் தூக்கிக் கட்டி, காற்று வரும் பக்கம் முதுகு இருக்கும்படி நின்று வேலை செய்ய வேண்டும்.

கூளத்தை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், அமோனியா வரும். கையைத் திறந்ததும் பொலபொலவென்று கொட்டினால் ரொம்பக் காய்ந்துவிட்டது, தூசி பறக்கும். லேசாகப் பிடித்து உடைந்தால் சரி. குடிநீர்க் குழாய் ஒழுகும் இடத்தைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சனை தீரும். சூப்பர் பாஸ்பேட் தூவினால் அமோனியா அடங்கும். சுண்ணாம்பு தூவினால் ஈரம் இழுக்கும், ஆனால் தூவிய உடனே இருக்கிற அமோனியா குபீரென்று கிளம்பும். தூவிவிட்டுப் படுதாவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் குஞ்சுக்குச் சூடு வேண்டும் என்று படுதாவை எல்லாம் இழுத்து மூடிக் கரி அடுப்பு வைக்கிறார்கள். அந்த அறையில் ஆள் படுத்துத் தூங்கக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் உடனே வெளியே வாருங்கள். கிருமி சாக ஃபார்மலினும் பெர்மாங்கனேட்டும் சேர்த்துப் புகை போடும்போதும் ஆட்கள் உள்ளே இருக்கக் கூடாது. அந்தப் புகையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

சாணக் குழியில் இறங்கிச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள்.

இறங்காதீர்கள். மூடிய சாணக் குழியிலும் சாண எரிவாயுத் தொட்டியிலும் ஹைட்ரஜன் சல்பைடு தங்கியிருக்கும். காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். குழம்பைக் கலக்கும்போது மொத்தமாகக் கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். விழுந்தவரைத் தூக்க இறங்கிய அடுத்தவரும் அங்கேயே விழுவார். ஒருவர் விழுந்துவிட்டால் குழிக்குள் குதிக்காமல் தீயணைப்புத் துறையையும் 108ஐயும் அழையுங்கள். உள்ளே போகக் காற்று உருளையோடு கூடிய கருவி வேண்டும், மாஸ்க் எதுவும் உதவாது.

பறவைக் காய்ச்சல் வந்தால் எங்களுக்கும் வருமா?

வரலாம், ஆனால் மனிதருக்கு வருவது அபூர்வம். பெங்களூருக்கு இது புதிதும் அல்ல. 2012 அக்டோபரில் ஹெசரகட்டாவில் உள்ள மத்தியக் கோழி வளர்ச்சி நிறுவனத்தில் வான்கோழிகளுக்கு எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி வந்தது. 2018 ஜனவரியில் தாசரஹள்ளியில் ஒரு கோழிக்கடையில் பறவைக் காய்ச்சலைக் கண்டுபிடித்தார்கள். 2021இல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் டெல்லி எய்ம்ஸில் இறந்ததுதான் இந்தியாவில் எச்5என்1 கிருமியால் உறுதியான முதல் மனித மரணம். 2024இல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கே இது பரவி, பால் கறந்தவர்களுக்குக் கண் சிவந்தது.

பண்ணையில் கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், கறிக்கு எடுக்காதீர்கள், கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அடுத்த பத்து நாளில் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் செத்த கோழியைப் பற்றி முதலில் சொல்லுங்கள். கோழிகளுக்கு ராணிக்கெட் நோய்த் தடுப்பூசி போடுபவர்களுக்கு மருந்து கண்ணில் தெறித்து ஒன்றிரண்டு நாளில் கண் சிவப்பதும் உண்டு. அது தானாக ஆறும், ஆனாலும் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

மாட்டுக்கு டிபி இருந்தால்? ஆடு குட்டி போடும்போது உதவுகிறோம், அதனால் எதுவும் வருமா?

மாட்டு டிபி காய்ச்சாத பால் வழியாகவும், நெருக்கமான கொட்டகையில் மூச்சு வழியாகவும் மனிதருக்கு வரும். இந்தக் கிருமிக்குக் காசநோய் மருந்துகளில் ஒன்றான பைரசினமைடு இயல்பிலேயே வேலை செய்யாது. அதனால் மாடு வளர்ப்பவர் என்று மருத்துவருக்குத் தெரிவது சிகிச்சைக்கே முக்கியம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மையங்களில் இலவசம். டிபி உறுதியானால் சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

ஆடு, மாடு குட்டி போடும்போது வரும் நஞ்சுக்கொடியிலும் நீரிலும் க்யூ காய்ச்சல் கிருமி இருக்கலாம். காய்ந்த பிறகு தூசியோடு பறந்து மூச்சில் போகும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை ஆட்டுப் பண்ணைகளிலிருந்து பரவி நாலாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வந்தது. கர்ப்பிணிகளும் இதய வால்வு கோளாறு உள்ளவர்களும் ஆடு, மாடு குட்டி போடும் இடத்துக்குப் போகவே வேண்டாம். மற்றவர்கள் கையுறை, மாஸ்க் போட்டு, நஞ்சுக்கொடியைக் குழி தோண்டிப் புதையுங்கள்.

மாட்டோடு வளரும் பிள்ளைக்கு ஆஸ்துமா வராது என்று படித்தேன்.

கொஞ்சம் உண்மை. அமெரிக்காவில் பழைய முறையில் மாடு வளர்க்கும் ஆமிஷ் சமூகத்துப் பிள்ளைகளில் 5 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா, இயந்திரப் பண்ணை நடத்தும் ஹட்டரைட் சமூகத்துப் பிள்ளைகளில் 21 விழுக்காட்டினருக்கு என்று 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. வீட்டு வாசலில் இரண்டு மாடு இருப்பதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் பத்தாயிரம் கோழி இருக்கும் ஷெட்டில் அம்மா எரு வாரும்போது குழந்தையைப் பக்கத்தில் தூளி கட்டிப் போடுவது வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள். வேலைத் துணியோடு குழந்தையைத் தூக்காமல், குளித்துவிட்டுத் தூக்குங்கள்.

பீடி?

விடுங்கள். ஷெட் தூசியோடு பீடிப் புகையும் சேர்ந்தால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெடும்.

பெங்களூரில் எங்கே காட்டுவது? இழப்பீடு கிடைக்குமா?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசின் 'நம்ம கிளினிக்'. பெரிய சோதனை தேவைப்பட்டால், நிம்ஹான்ஸ் பக்கத்தில் இருக்கும் ராஜீவ் காந்தி நெஞ்சுநோய் நிறுவனம் அரசுடையது. பேச முடியாத அளவு மூச்சுத் திணறினாலோ, உதடு நீலமானாலோ வரிசையில் நிற்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

இழப்பீட்டுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, தாவர, விலங்குத் தூசியால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி (மேலே சொன்ன உழவர் நுரையீரல் வகை) தொழில் நோயாக எழுதப்பட்டிருந்தது. விலங்குகளைக் கையாளும் வேலையில் தொற்றும் நோய்களும் அதில் இருந்தன. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொழில் நோய்களுக்கு மூன்றாம் அட்டவணை இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பண்ணைகளில் நம் ஆட்களுக்கு வருகைப் பதிவேடே கிடையாது, அங்கேதான் வழக்கு நின்றுபோகிறது. அதனால் கூலி போட்ட வங்கி வரவு, மேஸ்திரியின் வாட்ஸ்அப் செய்தி, ஷெட்டில் எடுத்த தேதியோடு கூடிய படம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். மருந்துச் சீட்டில் "கோழிப்பண்ணைத் தொழிலாளி" என்று மருத்துவரை எழுதச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் எழுதுவார்கள். 16 முதல் 59 வயதுக்குள் இருந்தால் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டையும் எடுத்துவிடுங்கள், இலவசம். இந்தக் காகிதங்களோடு பன்னேருகட்டா சாலையில் உள்ள கார்மிக பவனில், தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ஊருக்குத் திரும்பிப் போகும் முன் கொடுத்துவிட்டு, ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள்.